பழகிய கையா, புதுப் பையனா? சென்னை அணி எந்த வழியில் போக வேண்டும்

டிசம்பர் 16, 2025. அபுதாபியில் ஐபிஎல் ஏலம் நடந்துகொண்டிருந்தது. திருவல்லிக்கேணியில் சித்தப்பா வீட்டுக் கூடத்தில் டிவி முன்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம்: சித்தப்பா, நான், ப்ளஸ் டூ படிக்கும் அக்கா மகன். பிரசாந்த் வீர் என்ற பெயர் வந்தது. 30 லட்சத்தில் தொடங்கிய விலை ஏறிக்கொண்டே போய் 14 கோடியே 20 லட்சத்தில் நின்றது. எடுத்தது சென்னை சூப்பர் கிங்ஸ். சித்தப்பா என் முகத்தைப் பார்த்து, "யாருடா இந்தப் பையன்?" என்றார். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் கார்த்திக் சர்மா என்று இன்னொரு பெயர். அதே 14 கோடியே 20 லட்சம். அவரையும் எடுத்தது சென்னைதான். சர்வதேச ஆட்டம் ஒன்றுகூட ஆடாத வீரருக்கு ஐபிஎல் ஏலத்தில் அதுவரை யாரும் இவ்வளவு கொடுத்ததில்லை. அக்கா மகன் கைதட்டினான். சித்தப்பா எழுந்து சாப்பிடப் போய்விட்டார்.

அன்று தொடங்கிய வாக்குவாதம் எங்கள் வீட்டில் இன்னும் ஓயவில்லை. மஞ்சள் சட்டை இருக்கிற எல்லா வீட்டிலும் இதே பேச்சாகத்தான் இருக்கும். சித்தப்பா அனுபவம் பேசுகிறவர். அக்கா மகனுக்கு இருபது வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் பழைய ஆட்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதால் இதை ஆற அமர ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. அணிக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. அடிபட்டுப் பழகிய மூத்த வீரர்களை நம்புவது ஒன்று. பெரிய விலை கொடுத்தோ, வீரர் பரிமாற்றத்திலோ ஒரு நட்சத்திரத்தைக் கொண்டுவருவது இன்னொன்று. பெயர் தெரியாத பையன்களைப் பிடித்து வளர்ப்பது மூன்றாவது. மூன்றையும் இந்த அணி ஏற்கெனவே செய்து பார்த்திருப்பதால் வெறும் ஊகத்தில் பேச வேண்டியதில்லை.

முதலில், எந்த நிலையிலிருந்து பேசுகிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். 2010, 2011, 2018, 2021, 2023 என ஐந்து பட்டங்கள் வாங்கிய அணி இது. 2019 வரைக்கும் விளையாடிய ஒவ்வொரு சீசனிலும் பிளேஆஃப் போன அணி. அப்புறம் 2022-ல் ஒன்பதாம் இடம். 2024-ல் கடைசி லீக் ஆட்டத்தில் பெங்களூருவிடம் தோற்று, ரன் ரேட்டில் வெளியேறியது. 2025-ல் 14 ஆட்டத்தில் நான்கு வெற்றி, பத்தாம் இடம். பட்டியலில் கடைசியில் நிற்பது அதுதான் முதல் தடவை. அதுவும் சேப்பாக்கத்தில்! 2008-க்குப் பிறகு பெங்களூரு அணி அதுவரை அங்கே ஜெயித்ததே இல்லை. மார்ச் 28 அன்று 50 ரன்னில் ஜெயித்துவிட்டுப் போனது. கொல்கத்தாவுக்கு எதிராக நம்மால் 20 ஓவரில் 103 ரன்தான் எடுக்க முடிந்தது. சித்தப்பா வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மைதானத்துச் சத்தம் கேட்கும். அந்த இரவு ஒன்பது மணிக்கே சத்தம் அடங்கிவிட்டது. அப்படி ஒரு அமைதியை அங்கே நான் முன்பு கேட்டதில்லை.

சித்தப்பாவின் வாதம் 2018-ல் தொடங்குகிறது, 2018-லேயே முடிகிறது. இரண்டு ஆண்டு தடை முடிந்து அணி திரும்பிய வருடம். தோனிக்கும் வாட்சனுக்கும் 36, பிராவோவுக்கு 34, ஹர்பஜனுக்கு 37, இம்ரான் தாஹிருக்கு 39. 'டாட்ஸ் ஆர்மி', அதாவது அப்பாக்களின் படை என்று ஊரே பேசியது. முதல் ஆட்டத்தில் வான்கடேயில் தோல்வி உறுதி என்ற நிலையில் பிராவோ 30 பந்தில் 68 அடித்தார், ஒரு விக்கெட்டில் ஜெயித்தோம். காவிரிப் போராட்டத்தால் சேப்பாக்கத்தில் ஓர் ஆட்டத்தோடு நின்று, மிச்ச சொந்த ஊர் ஆட்டங்களைப் புனேயில் ஆட வேண்டி வந்தது. கடைசியில் அதே வான்கடேயில் இறுதிப் போட்டி. வாட்சன் முதல் பத்துப் பந்தில் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. முடிக்கும்போது 57 பந்தில் 117, அவுட் இல்லை. வேறு யாராக இருந்தாலும் அந்தப் பத்துப் பந்திலேயே பதறியிருப்பார்கள், அனுபவம் என்றால் அதுதான் என்பார் சித்தப்பா. அதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

விலையையும் சேர்த்துப் பாருங்கள். வாட்சன் 4 கோடி, ராயுடு 2.2 கோடி, தாஹிர் ஒரு கோடி. ராயுடு அந்த சீசனில் 602 ரன். தாஹிர் அடுத்த ஆண்டு 26 விக்கெட் எடுத்து, அதிக விக்கெட் எடுத்தவருக்கான ஊதாத் தொப்பி வாங்கினார். 40 வயதில்! மற்ற அணிகள் வயதைப் பார்த்து ஒதுக்கிய வீரர்களைச் சென்னை சல்லிசான விலையில் அள்ளிக்கொண்டு வந்தது. 2023-ல் ரஹானேவும் அப்படித்தான். 50 லட்சத்துக்கு வந்தவர் 172 ஸ்ட்ரைக் ரேட்டில், அதாவது நூறு பந்துக்கு 172 என்ற வேகத்தில், 326 ரன் எடுத்தார். டி20 ஆட வராது என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்த மனிதர் அவர்.

சரி, அப்படியானால் 2025-ல் என்ன ஆயிற்று? ராகுல் திரிபாதி 3.4 கோடி, தீபக் ஹூடா 1.7 கோடி, விஜய் சங்கர் 1.2 கோடி. அதே பழைய யோசனைதான்: குறைந்த விலை, அனுபவமுள்ள ஆள், மஞ்சள் சட்டை போட்டால் மாறிவிடுவார். மாறவில்லை. பத்து வருடம் கழித்து அஸ்வின் 9.75 கோடிக்கு வீட்டுக்குத் திரும்பினார்; நான் மிகவும் சந்தோஷப்பட்ட ஏலம் அது. ஒன்பது ஆட்டத்தில் ஏழு விக்கெட். சீசன் முடிந்து ஆகஸ்டில் ஐபிஎல்லிலிருந்தே விடைபெற்றார்.

இந்த வித்தியாசத்துக்கு எனக்குத் தெரிந்து இரண்டு காரணங்கள். 2018-ல் வந்தவர்கள் உலகக் கோப்பைகளில் ஆட்டத்தைத் தூக்கி நிறுத்தியவர்கள், அல்லது ராயுடுவைப்போல ஒரு குறிப்பிட்ட வேலைக்காகவே எடுக்கப்பட்டவர்கள். வாட்சன் எந்த இடம், தாஹிர் எந்த ஓவர் என்பது எதிரணிக்கே தெரியும். 2025-ல் பேட்டிங் வரிசை வாராவாரம் மாறியது; யாருக்கும் நிலையான இடம் இல்லை. இரண்டாவது காரணம் இன்னும் பெரியது. ஆட்டமே மாறிவிட்டது. ஆட்டத்தின் நடுவே ஒருவரை எடுத்துவிட்டு இன்னொருவரை இறக்கலாம் என்ற இம்பாக்ட் பிளேயர் விதி 2023-ல் வந்ததும் ஒவ்வோர் அணிக்கும் ஒரு பேட்டர் கூடுதலாகக் கிடைத்தார். விக்கெட் விழுமே என்ற பயம் போய்விட்டது. ஹைதராபாத் 2024-ல் 20 ஓவரில் 287 அடித்தது. பத்துப் பந்து தடவிவிட்டு அப்புறம் ஈடுகட்டலாம் என்பதற்கெல்லாம் இப்போது நேரமில்லை. வாட்சனின் அந்த இன்னிங்ஸை நான் நூறு தடவை பார்த்திருப்பேன். ஆனால் இன்றைக்கு அதே மாதிரி ஆட்டத்தைத் தொடங்கும் ஒருவரை நம்பி அணியைக் கட்டலாமா என்று கேட்டால், கட்டக் கூடாது என்றுதான் சொல்வேன்.

இரண்டாவது வழிக்கு வருகிறேன். பெரிய விலை, பெரிய பெயர். இதில் சென்னையின் வரலாறு நன்றாக இல்லை. 2021-ல் கிருஷ்ணப்பா கௌதமுக்கு 9.25 கோடி. இந்திய அணிக்கு ஆடாத வீரருக்கு அன்றைக்கு அதுதான் சாதனை விலை. சென்னைக்காக அவர் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. 2022-ல் தீபக் சாஹருக்கு 14 கோடி. காயத்தால் அந்த சீசன் முழுக்க வெளியே. இதே சாஹர் 2018-ல் 80 லட்சத்துக்கு வந்து, முதல் ஆறு ஓவரான பவர்பிளேயில் விக்கெட் குவித்தவர். 2023-ல் பென் ஸ்டோக்ஸுக்கு 16.25 கோடி. இரண்டே ஆட்டம், 15 ரன். அந்த வருடம் கோப்பை வந்தது. அதில் அவருடைய பங்கு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, 50 லட்சம் ரஹானேயின் பங்கு நிறைய. காயம் யார் கையிலும் இல்லை, அதற்காக வீரரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஓர் ஆளுக்கு அவ்வளவு பணம் போனால், அவர் படுத்துவிட்டால் மாற்று வாங்கக் கையில் ஒன்றும் இருக்காது. அந்த ஆபத்தைக் கணக்கில் எடுக்க வேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு.

சஞ்சு சாம்சன் பரிமாற்றத்தை இந்த வரிசையில் சேர்க்கலாமா? கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய விஷயம். 2025 நவம்பர் 15 அன்று அறிவிப்பு வந்தது: 18 கோடிக்கு சஞ்சு சென்னைக்கு, ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்கு. ஜடேஜாவின் விலை 18-லிருந்து 14 கோடியாகக் குறைந்தது. மனசு கேட்கவில்லை. 2012-லிருந்து நம்மோடு இருந்தவர். 2023 இறுதிப் போட்டியில் மழை நின்று நள்ளிரவு தாண்டி, கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டும் என்றபோது ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர். எங்கள் தெருவில் அன்றைக்கு யாரும் தூங்கவில்லை. அந்த மனிதரை இன்னொரு அணியின் சட்டையில் பார்ப்பது கஷ்டம். தோனி அவரைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்ற படத்தை சித்தப்பா இன்னும் போனில் முகப்பாக வைத்திருக்கிறார்.

ஆனால் மனசை ஓரமாக வைத்துப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. ஜடேஜாவுக்கு டிசம்பரில் 37 முடிந்தது. சஞ்சுவுக்கு 31. தோனிக்குப் பிறகு விக்கெட் கீப்பர் யார் என்ற கேள்விக்குப் பல வருடமாகப் பதில் இல்லாமல் இருந்தோம். சஞ்சு கீப்பர், மேல் வரிசையில் வேகமாக அடிப்பவர், 2021-லிருந்து ராஜஸ்தானின் கேப்டனாக இருந்தவர். ஏலத்தில் இப்படி ஒருவர் வந்தால் பத்து அணியும் கை தூக்கும், விலை எங்கே போய் நிற்கும் என்று தெரியாது. பரிமாற்றத்தில் என்ன கொடுக்கிறோம், என்ன வாங்குகிறோம் என்பது முன்கூட்டியே தெரியும். நட்சத்திரம் வேண்டுமென்றால் ஏலத்தைவிடப் பரிமாற்றம் நல்லது. டிசம்பர் ஏலத்தில் கேமரூன் கிரீனுக்காகச் சென்னை கடைசிவரை போட்டி போட்டது, கொல்கத்தா 25.20 கோடிக்கு எடுத்துப் போனது. அவர் நமக்குக் கிடைக்காமல் போனது நல்லதற்குத்தான் என்று நினைக்கிறேன். கிடைத்திருந்தால் கார்த்திக், பிரசாந்த் இருவரையும் சேர்த்து எடுத்திருக்க முடியாது.

இனி மூன்றாவது வழி. நான் அதிகம் பேச நினைப்பது இதைப் பற்றித்தான்.

இளைஞர்களை நம்பாத அணி என்று சென்னையைச் சொல்வது வழக்கம். 2020 அக்டோபரில் ராஜஸ்தானிடம் தோற்ற பிறகு, இளைஞர்களிடம் 'ஸ்பார்க்' தெரியவில்லை என்ற பொருளில் தோனி பேசியது இன்றும் மேற்கோளாக வருகிறது. ஆனால் நமக்கு அதிகம் கைகொடுத்த முதலீடுகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். ருதுராஜ் கெய்க்வாட், 20 லட்சம். 2021-ல் 635 ரன், அதிக ரன் எடுத்தவருக்கான ஆரஞ்சுத் தொப்பி, கோப்பை. பதிரனா, காயம்பட்டவருக்கு மாற்றாக 20 லட்சத்துக்கு வந்தவர்; 2023-ல் 19 விக்கெட், 2025 டிசம்பர் ஏலத்தில் கொல்கத்தா அவருக்குக் கொடுத்தது 18 கோடி. துஷார் தேஷ்பாண்டே, 20 லட்சம். கோப்பை வென்ற அதே 2023-ல் 21 விக்கெட். எல்லாமே ஒரு நல்ல கார் வாங்கும் காசு. யாரையும் பெரிய விலைக்கு வாங்கவில்லை. யாரோ ஒருவர் முன்கூட்டியே போய்ப் பார்த்து, இந்தப் பையனிடம் ஏதோ இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்.

2025-ன் கடைசி மாதமும் இதையே சொல்கிறது. ருதுராஜ் முழங்கைக் காயத்தால் வெளியேறியதும் ஆயுஷ் மாத்ரே 30 லட்சத்துக்கு வந்தார். வயது 17. அந்த சீசனுக்கு முன்னால் ஜெட்டாவில் நடந்த மெகா ஏலத்தில் யாரும் எடுக்காதவர். மே 3 அன்று பெங்களூருவில் 48 பந்தில் 94 அடித்தார். இரண்டு ரன்னில் தோற்றோம், ஆனாலும் அந்த சீசனில் நான் நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்த முதல் ஆட்டம் அது. டெவால்ட் பிரெவிஸும் ஏலத்தில் விலைபோகாதவர்தான், நடுவில் 2.2 கோடிக்கு வந்து ஆறு ஆட்டத்தில் 180 ஸ்ட்ரைக் ரேட்டில் 225 ரன். உர்வில் படேல் முதல் ஆட்டத்தில் 11 பந்தில் 31. கடைசி ஆட்டத்தில் குஜராத்தை 83 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்தபோது ஆடியது வேறு ஓர் அணிபோல இருந்தது. இவர்களை ஜெட்டா ஏலத்திலேயே எடுத்திருந்தால்? சீசன் முடிந்ததும் எங்கள் வீட்டில் எல்லோரும் கேட்ட கேள்வி அதுதான்.

ஆக மூன்றாவது வழிக்குள்ளேயே இரண்டு பாதைகள் இருக்கின்றன. பையனை மற்றவர்கள் கண்ணில் படுவதற்கு முன்னால் கண்டுபிடித்து, சின்ன விலைக்கு எடுத்து, வளர்ப்பது. அல்லது எல்லோரும் கண்டுபிடித்த பிறகு ஏலத்தில் மோதி, பெரிய விலை கொடுப்பது. இளரத்தம் வேண்டும் என்று கத்துகிறவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். என் அக்கா மகனும்தான்.

இரண்டாவது பாதையில் சென்னை ஏற்கெனவே ஒருமுறை சறுக்கியிருக்கிறது. 2024-ல் சமீர் ரிஸ்வி, 8.4 கோடி. சேப்பாக்கத்தில் சந்தித்த முதல் பந்தையே, அதுவும் ரஷீத் கானை, சிக்ஸுக்கு அனுப்பினார். அரங்கமே எழுந்து நின்றது. அந்த சீசனில் அவருக்குக் கிடைத்தது எட்டு ஆட்டம், மொத்தம் 51 ரன். பாதி ஆட்டங்களில் ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் இறக்கினார்கள், சிலவற்றில் பேட்டே பிடிக்கவில்லை. சீசன் முடிந்ததும் விடுவித்தார்கள். டெல்லி 95 லட்சத்துக்கு எடுத்தது. 2025 மே மாதம் பஞ்சாபுக்கு எதிராக 25 பந்தில் 58 அடித்து டெல்லியை ஜெயிக்க வைத்தார். அந்தப் பையனுக்குத் திறமை இல்லாமல் போகவில்லை. அவரைக் கண்டுபிடிக்கப் பணம் செலவழித்த நாம் பொறுமையைச் செலவழிக்கவில்லை. 8.4 கோடி என்ற எண்ணே ஒவ்வொரு பந்திலும் அவர் தோளில் உட்கார்ந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

மற்ற அணிகள் முதல் பாதையில் எவ்வளவு தூரம் போய்விட்டன என்று பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. மும்பை 2025-ல் விக்னேஷ் புத்தூர் என்ற மலப்புரத்துப் பையனை 30 லட்சத்துக்கு எடுத்தது. கேரள சீனியர் அணிக்கே ஆடாதவர். முதல் ஆட்டமே சேப்பாக்கத்தில், நம் கண் முன்னால், ருதுராஜ் உட்பட மூன்று விக்கெட். பும்ராவை 19 வயதில் கண்டெடுத்த அணி அது. அந்தப் பழக்கத்தை இன்னும் விடவில்லை. ராஜஸ்தான் 13 வயது வைபவ் சூர்யவன்ஷியை 1.1 கோடிக்கு எடுத்தது. 35 பந்தில் சதம்.

இதைவிட வலிப்பது ஒன்று உண்டு. சாய் சுதர்சன் சென்னைப் பையன். இங்கேதான் கிளப் கிரிக்கெட் ஆடினார், தமிழ்நாட்டு டி20 லீக்கான டிஎன்பிஎல்லில் கோவைக்காக ரன் குவித்தார். 2022-ல் குஜராத் அவரை 20 லட்சத்துக்கு எடுத்தது. 2023 இறுதிப் போட்டியில் நமக்கு எதிராகவே 47 பந்தில் 96. 2025-ல் 759 ரன், ஆரஞ்சுத் தொப்பி. வருண் சக்கரவர்த்தி சென்னை அணிக்குப் பயிற்சியில் பந்து போடும் நெட் பௌலராக வந்து போனவர், இன்று கொல்கத்தாவின் தூண். சாய் கிஷோர் இரண்டு சீசன் நம் அணியிலேயே இருந்தார், ஓர் ஆட்டம் கிடைக்கவில்லை; குஜராத்துக்குப் போய் 2025-ல் 19 விக்கெட் எடுத்தார். சொந்த ஊர்ப் பையனுக்குச் சலுகை கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. விஜய், பத்ரிநாத், அஸ்வின் எல்லோரையும் ஆரம்ப வருடங்களில் சென்னை ஆட வைத்ததும், பட்டங்கள் வந்ததும் ஒன்றாகவே நடந்தன. மைதானத்திலிருந்து சில கிலோமீட்டரில் நடக்கும் லீக் ஆட்டங்களைக் குஜராத்துக்காரர்கள் வந்து பார்த்து ஆளை எடுத்துப் போகிறார்கள். நம் ஆட்கள் அப்போது எங்கே இருந்தார்கள் என்று கேட்க ஒரு ரசிகனுக்கு உரிமை உண்டு.

இதில் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். ஐபிஎல்லில் கடைசி இடத்தில் வந்ததற்கு எந்த ஈடும் கிடையாது. அமெரிக்கக் கூடைப்பந்தான என்பிஏயில் 'டிராஃப்ட்' என்று ஒரு முறை: கல்லூரிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வரும் புது வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும், மோசமாக ஆடிய அணிகளுக்கு முதல் தேர்வு கிடைக்கும் வாய்ப்பு அதிகம். அதை நம்பியே ஃபிலடெல்ஃபியா அணி 2013-லிருந்து மூன்று சீசன் வேண்டுமென்றே பலவீனமாக ஆடியது. 82 ஆட்டங்களில் 19, 18, 10 என்று வெற்றிகள். எம்பீட், சிம்மன்ஸ் என்று பெரிய வீரர்கள் கிடைத்தார்கள், பட்டம் வரவில்லை. சான் அன்டோனியோவுக்கு 1997-ல் முதல் தேர்வில் டங்கன் கிடைத்தார், அது அதிர்ஷ்டம் என்றே வையுங்கள். ஆனால் ஜினோபிலியை அவர்கள் எடுத்தது 57-வது தேர்வில், பார்க்கரை 28-வது தேர்வில். அதாவது எல்லா அணிகளும் தாண்டிப்போன பிறகு. அந்த மூவரும் சேர்ந்து நான்கு பட்டங்கள் வாங்கினார்கள். நமக்கு முதல் தேர்வு என்ற வரமே இல்லை. பத்தாவதாக வந்தாலும் முதலாவதாக வந்தாலும் வீரர்களுக்குச் செலவழிக்க அதே 125 கோடி உச்சவரம்புதான். அப்படியிருக்க, மற்றவர்கள் தாண்டிப்போகும் ஆளைப் பார்க்கும் கண் அவர்களைவிட நமக்குத்தான் அதிகம் தேவை.

சரி, அப்படியானால் 28.40 கோடி கொடுத்தது தவறா? தவறு என்று சொல்ல மாட்டேன். யாருடைய இடத்துக்கு யார் என்று பார்த்தால் யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. பிரசாந்த் வீர் 20 வயது, உத்தரப்பிரதேசம். இடக்கை சுழல், கீழ் வரிசையில் அடிப்பவர். ஜடேஜா விட்டுப்போன இடம் அப்படியே பொருந்துகிறது. கார்த்திக் சர்மா 19 வயது, ராஜஸ்தான். கீப்பர், கடைசி ஓவர்களில் பெரிய சிக்ஸ் அடிப்பவர். அது யாருடைய இடம் என்று சொல்ல வேண்டியதில்லை. ரிஸ்வியை எடுத்தபோது இப்படி ஓர் இடம் காலியாக இல்லை. வித்தியாசம் இங்கேதான். விலை அதிகம் என்று சித்தப்பா சொல்வது உண்மை, ஒரு வருடம் முன்னால் கண்டுபிடித்திருந்தால் பத்தில் ஒரு பங்குக்கு வாங்கியிருக்கலாம் என்பதும் உண்மை. ஆனால் தாமதமாகக் கொடுத்த விலை, போன வருடங்களில் போய்ப் பார்க்காததற்கான அபராதம். அதைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

எனவே என் முடிவு மூன்றாவது வழி, கூடவே சில நிபந்தனைகள். மூத்த வீரர் வேண்டும், ஆனால் ரஹானே மாதிரி, ஒரு குறிப்பிட்ட வேலைக்கு, குறைந்த விலையில், அதிகபட்சம் இரண்டு பேர். சர்ஃபராஸ் கானை 75 லட்சத்துக்கு எடுத்திருப்பதை இந்தக் கணக்கில் வைக்கிறேன். அவருக்கு இன்னும் வயதும் ஆகவில்லை, உள்ளூர் கிரிக்கெட்டில் அவர் அடித்த ரன்னுக்கு இந்த விலை ரொம்பக் குறைவு. நட்சத்திரம் ஒருவர் போதும், அவர் வந்துவிட்டார். இனி ஏலத்தில் 15 கோடிக்கு மேல் யாருக்கும் கை தூக்கக் கூடாது.

பையன்கள் விஷயத்தில் இன்னும் கறாராக இருக்க வேண்டும். மாத்ரேயும் பிரெவிஸும் எந்த இடத்தில் ஆடுவார்கள் என்பதை சீசனுக்கு முன்பே முடிவுசெய்து, இரண்டு தோல்விக்காக மாற்றாமல் இருக்க வேண்டும். பிரசாந்துக்கும் கார்த்திக்குக்கும் குறைந்தது பத்து ஆட்டம். பெஞ்சில் உட்கார வைத்து வளர்க்கலாம் என்ற பழைய நம்பிக்கை சாய் கிஷோருக்கு வேலை செய்யவில்லை, ரிஸ்விக்கும் செய்யவில்லை. கீப்பராக தோனி, சஞ்சு, கார்த்திக், உர்வில் என்று நான்கு பேர் இருக்கிறார்கள். 44 வயதில் தோனி முழு சீசனும் கையுறை போட்டால் பின்னால் இருக்கும் மூன்று பேரும் எதைக் கற்றுக்கொள்வார்கள்? இதை எழுத எனக்குக் கை வரவில்லை. தோனி ஆடுவதைப் பார்க்க அப்பாவோடு வரிசையில் நின்று டிக்கெட் வாங்கியவன் நான். ஆனாலும் 2026-ல் சில ஆட்டங்களையாவது அவர் டக்அவுட்டிலிருந்து பார்க்க வேண்டும், கார்த்திக்கின் தவறுகளைப் பக்கத்தில் உட்கார்ந்து திருத்த வேண்டும். அவரிடமிருந்து கிடைக்கக்கூடிய பெரிய உதவி இனி அதுதான் என்று நினைக்கிறேன். அப்புறம், டிஎன்பிஎல் நடக்கும் மாதத்தில் சேலம், திண்டுக்கல், கோவை, திருநெல்வேலி என்று எல்லா மைதானத்திலும் சென்னை அணியின் ஆள் ஒருவர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருக்க வேண்டும். நாவலூரில் அவ்வளவு பெரிய பயிற்சி மையம் இருக்கிறது. அங்கே வரும் பையன்களை முதலில் பார்க்கிறவர்கள் நாமாக இருக்க வேண்டும்.

போன வாரம் இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில், "சரிடா, உன் கார்த்திக் முதல் மூணு மேட்ச்லயும் ஒண்ணும் பண்ணலைன்னு வை. அப்ப என்ன செய்வே?" என்றார்.

"நாலாவது மேட்ச்லயும் இறக்கணும் சித்தப்பா" என்றேன்.

பக்கத்திலிருந்த அக்கா மகன் அதற்குள் போனில் தேடிப் பார்த்துவிட்டு அவரிடம் நீட்டினான். 2020-ல் ருதுராஜின் முதல் மூன்று ஐபிஎல் ஆட்டங்கள்: 0, 5, 0. அடுத்த மூன்று: 65, 72, 62. சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.